நாற்பது கையெழுத்தும் ஒரு டவரும்

எங்கள் தெருவின் மேற்குக் கோடியில், முன்பு நெல் அரைக்கும் மில்லாக இருந்து இப்போது கல்யாண மண்டபமாக உருமாறியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் செல்போன் டவர் ஒன்று வரப்போகிறது என்ற செய்தி சென்ற மாசி மாதத்தில் பரவியபோது, இருபது வருஷங்களாகச் சாக்கடை அடைப்புக்காகக்கூட ஒன்று கூடியிராத நாற்பது குடும்பங்களும் இரண்டே நாளில் ஒன்று கூடி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவதற்கென்று மூன்று பக்க மனு ஒன்றைத் தயாரித்துவிட்டன. மனுவை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். வாயில் எந்நேரமும் தாம்பூலம் மணப்பவர். "நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர், உங்கள் கையெழுத்து முதலில் இருந்தால் மனுவுக்கு ஒரு கனம் வரும், சார்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைச் சாற்றைத் துப்புவதற்காக அவர் வாசலுக்குப் போன ஒரு நிமிஷத்தில் நான் மனுவைப் படித்தேன். தலைவலி, தூக்கமின்மை, கருச்சிதைவு, மூளைக் கட்டி, ரத்தப் புற்றுநோய், சிட்டுக்குருவிகளின் மறைவு, தென்னையில் குரும்பை உதிர்தல் ஆகிய அனைத்துக்கும் இன்னும் நிறுவப்படாத அந்த டவரே காரணமாகப் போகிறது என்று அதில் கண்டிருந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டு மனுவை வாங்கி வைத்துக்கொண்டேன். அவருக்கு மறுநாள் வாய்மொழியாகச் சொன்னதைத்தான் இங்கே சற்று விஸ்தாரமாக எழுதுகிறேன்.

மனுவில் கதிர்வீச்சு என்ற சொல் பதினொரு தடவை வந்திருந்தது. அந்தச் சொல்லிலிருந்தே விசாரணையைத் தொடங்க வேண்டும். நம்முடைய பயத்தில் பாதி அதற்குள்தான் குடியிருக்கிறது. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு கக்கியதும் கதிர்வீச்சு. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் தடித்த சுவர்களுக்குள் அடைத்துக் காவல் காப்பதும் கதிர்வீச்சு. புற்றுநோய் ஆஸ்பத்திரியில், நம் ஜனங்கள் 'கரண்டு வைப்பது' என்று தாழ்ந்த குரலில் குறிப்பிடும் சிகிச்சையில் நோயாளியின் உடம்புக்குள் பாய்ச்சுவதும் கதிர்வீச்சு. வானொலிப் பெட்டிக்கு நாதஸ்வரக் கச்சேரியைச் சுமந்து வந்ததும், குத்துவிளக்கின் சுடரிலிருந்து நம் கண்ணுக்கு வந்து சேர்வதும், செல்போனிலிருந்து டவருக்குப் போவதும் அதே கதிர்வீச்சு. பௌதிக சாஸ்திரத்தின் பார்வையில் இவற்றுக்குள் உறவு உண்டு என்பது வாஸ்தவமே. ஆனால் அது ஊர்வன என்ற ஒரே இனத்தில் நல்ல பாம்பும் சுவர்ப் பல்லியும் அடங்கியிருப்பது போன்ற உறவு. பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் பார்க்கிறவர்கூட அதற்காக விஷ வைத்தியரைத் தேடி ஓடுவதில்லை.

எக்ஸ் கதிர் போன்றவை விபரீதம் விளைவிப்பதற்குக் காரணம், அவற்றின் ஒவ்வொரு துகளும் உயிரணுவிலுள்ள மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலிமை படைத்திருப்பதுதான். அப்படிப் பிய்த்தெறியும்போது மரபுப் பொருள் சிதைந்து, சிதைந்தது சீர்படாமற்போனால், பல வருஷங்களுக்குப் பிறகு புற்றாக முளைக்கக்கூடும். செல்போன் உபயோகிக்கும் ரேடியோ அலையின் துகளுக்கு அந்த வலிமை இல்லை. கோயில் பிராகாரத்தில் எரியும் அகல்விளக்கின் ஒளித்துகள் ஒன்றில் உள்ள சக்தியோடு ஒப்பிட்டாலும் அது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எத்தனை கோடித் துகள்கள் சேர்ந்து வந்தாலும் தனித்தனியே ஒன்றுக்கும் பிய்க்கும் திராணி இல்லாதபோது, அவை கூட்டாகச் செய்யக்கூடிய நிரூபணமான காரியம் ஒன்றே: படும் இடத்தைச் சற்றே உஷ்ணப்படுத்துவது. 5ஜி வந்தபோது, இதுவரை உலகம் காணாத மில்லிமீட்டர் அலைகளை மனிதகுலத்தின் மேல் ஏவுகிறார்கள் என்றொரு பிரசாரம் நடந்தது. அந்த அலைகளை உலகம் காணாதிருக்கவில்லை. 1890-களின் நடுவில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் அவற்றைக் கொண்டுதான் தூரத்திலிருந்த மணியை அடித்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். நம் நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவை பெரும்பாலும் அந்த அலைகளைத் தொடுவதுகூட இல்லை; பழைய அலைவரிசைகளுக்கு அடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறது.

உஷ்ணம் என்று சொன்னேன். அதற்கு ஓர் அளவு வேண்டும். சமையலறையில் கறியைச் சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே இனத்து அலையைத்தான் உபயோகிக்கிறது. ஆனால் அதன் பலம் எண்ணூறு வாட், ஆயிரம் வாட். இக்காலத்துச் செல்போன் தன் முழுப் பலத்தையும் பிரயோகித்தாலும் கால் வாட்டை ஒட்டியே நிற்கும். ஆயினும் கால் வாட்டும் காதோடு ஒட்டிப் பிடித்தால் அலட்சியப்படுத்தத் தக்கதன்று என்பதனால், உடம்பின் ஒரு கிலோ எடை எத்தனை வாட் சக்தியை உள்வாங்கலாம் என்று உலக நாடுகள் வரம்பு கட்டியிருக்கின்றன. புது செல்போன் பெட்டியின் பின்புறத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் எஸ்.ஏ.ஆர். என்று அச்சிட்டிருக்கும் எண் இதுதான். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இந்த வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், அதையும் எந்த ஒரு கிராம் தசையை எடுத்துக்கொண்டாலும் மிஞ்சக்கூடாது. அதற்கு முன் ஐரோப்பிய நாடுகளைப் போலப் பத்துக் கிராமுக்குச் சராசரி பார்த்து 2 வாட் என்று வைத்திருந்தோம். அமெரிக்காவின் கடுமையான வரம்புக்கு மாறியது நம் சர்க்கார் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, பூஜ்யம், ஏழு, மறுபடி ஹாஷ் என்று வரிசையாக அழுத்தினால் பெரும்பாலான செல்போன்கள் தம் எண்ணைத் தாமே சொல்லிவிடும். தலைமையாசிரியரின் போனில் அழுத்திப் பார்த்தோம், வரம்புக்குள் இருந்தது. எட்டு வருஷமாகத் தம் சட்டைப் பையில் இருக்கும் பொருளுக்கு இப்படி ஓர் எண் இருப்பதே தமக்குத் தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி உட்கார்ந்துவிடலாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடையாகப் பிரான்ஸ் தேசத்தில் நடந்த ஒரு விவகாரத்தைச் சொல்ல வேண்டும். அந்நாட்டில் அலைவரிசைகளை நிர்வகிக்கும் முகமை, சந்தையில் விற்கும் செல்போன்களைத் தானே வாங்கிப் பரிசோதிக்கும் வழக்கமுடையது. அப்படிப் பரிசோதித்ததில், 2020 முதல் உலகமெங்கும் விற்றுவந்த ஐபோன் 12, கையில் பிடித்திருக்கும் நிலையில் கிலோவுக்கு 5.74 வாட் செலுத்துவது தெரிந்தது. கை கால்களுக்கு ஐரோப்பிய வரம்பு 4 வாட். 2023 செப்டம்பர் 12-ம் தேதி, அதன் விற்பனையை நிறுத்தும்படி முகமை உத்தரவிட்டது. தங்கள் கருவி எல்லா விதிகளுக்கும் உட்பட்டதே, பரிசோதனை முறையில்தான் வித்தியாசம் என்று ஆப்பிள் வாதாடியது. வாதாடிக்கொண்டே, பிரான்ஸ் தேசத்துப் போன்களுக்கென்று பலத்தைத் தணிக்கும் மென்பொருள் திருத்தத்தையும் வெளியிட்டது. 5.74 வாட்டால் ஒருவர் கையும் வெந்துவிடவில்லை. அபாயம் தொடங்கும் இடத்துக்கு வெகு கீழேதான் வரம்பையே வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு சர்க்கார் தராசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், வியாபாரி சொன்ன எடை சரிதானா என்று நிறுத்துப் பார்த்தது. எடை தவறியிருந்தபோது உலகத்தின் மிகப் பெரிய வியாபாரி என்று பார்க்காமல் கடையை மூடச் சொன்னது. எங்கள் தெரு மனுவில் இந்தக் காரியத்துக்கு ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு விசனம்.

இனி டவர் விஷயம். வெளிச்சம் தூரத்துக்குத் தக்கபடி குறைவதுபோலவே ரேடியோ அலையும் குறையும். தூரம் இரட்டித்தால் பலம் நாலில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். டவரின் உச்சியிலிருக்கும் ஆன்டெனா, கலங்கரை விளக்கத்தைப் போல, தன் ஒளியைப் பெரும்பாலும் எதிரே நெடுந்தூரத்துக்கு வீசுகிறதேயொழிய நேர் கீழே கொட்டுவதில்லை. அதனால் கல்யாண மண்டபத்தின் காவற்காரருக்கு விழுவது அற்பமே. 2012 செப்டம்பர் முதல் தேதி சர்க்கார் டவர்களுக்கும் ஒரு வரம்பு விதித்தது. சர்வதேச நிபுணர் குழு அனுமதித்ததில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அது ஒரு சதுர மீட்டருக்கு அரை வாட்டுக்கும் குறைவு. சித்திரை வெயில் உச்சிப் பொழுதில் அதே ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஆயிரம் வாட் பொழிகிறது. வெயிலும் இதுவும் ஒன்றல்ல என்பதை அறிவேன். எண்ணின் பருமன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்பதற்காகச் சொன்னேன்.

சாமான்யமாக யாரும் யோசித்துப் பார்க்காத ஒரு சூட்சுமம் இதற்குமேல் உண்டு. சந்தைக்கடை இரைச்சலில் நாம் குரலை உயர்த்துவதுபோலவும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடம் தணித்துப் பேசுவதுபோலவும், செல்போன் தனக்கும் டவருக்கும் இடையிலுள்ள தூரத்துக்குத் தக்கபடி தன் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. சிக்னல் நாலு கோடும் நிறைந்து நிற்கும் இடத்தில் தன் முழுப் பலத்தில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் என்று கிசுகிசுக்கும் அதே கருவி, மலைப்பாதைப் பஸ்ஸிலும் லிஃப்டுக்குள்ளும் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் தவிக்கும்போது தொண்டை கிழியக் கத்துகிறது. அந்தக் கத்தலெல்லாம் நம் காதோரத்தில்தான் நிகழ்கிறது. ஆகவே டவரைத் தெருவிலிருந்து துரத்தி ஊருக்கு வெளியே கருவேலங்காட்டில் நிறுத்திவிட்டால், அங்கிருந்து நம்மேல் விழும் அற்பமான அலை இன்னும் அற்பமாகும். ஆனால் நாற்பது வீட்டில் இருக்கும் நூற்றைம்பது செல்போன்களும் அன்று முதல் உரக்கப் பேசத் தொடங்கும். நம் தலைக்குப் போய்ச் சேரும் அலையில் பெரும்பங்கு, தலையோடு ஒட்டியிருக்கும் கருவியினுடையதே என்ற பிரத்தியட்சமான உண்மையை மறந்துவிட்டு, ஐந்நூறு அடிக்கு அப்பாலிருக்கும் இரும்புக் கம்பத்தை நாம் சபித்துக்கொண்டிருக்கிறோம்.

புற்றுநோய் என்ற சொல் மனுவில் இருந்தபடியால் அதையும் தட்டிக்கழிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பிரான்ஸிலுள்ள லியோன் நகரத்தில் கூடி, 2011 மே மாதத்தில் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கச் சாத்தியமுள்ளவை' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. அந்த ஒரு வரியைத்தான் பதினைந்து வருஷமாக வாட்ஸ்அப் நம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தப் பிரிவின் பட்டியலில் வேறு என்னென்ன இருக்கின்றன என்பதை அது சொல்வதில்லை. கீழை ஆசிய நாடுகளில் பாரம்பரிய முறைப்படி ஊறவைக்கும் காய்கறிகள் இருக்கின்றன. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச்சாறு இருக்கிறது. நம் காலை நேரத்து டிகிரி காபியும் சிறுநீர்ப்பைப் புற்றைக் காரணம் காட்டி 1991-ல் அங்கே சேர்க்கப்பட்டு, இருபத்தைந்து வருஷம் குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டு, 2016-ல்தான் விடுதலையாகி வெளியே வந்தது. 2பி என்பது குற்றம் நிரூபணமானவர்களின் ஜாபிதா அன்று; சாட்சியம் போதாத நிலையில், வழக்கை மூடிவிடவும் மனம் வராமல், போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவரச் சொல்லப்பட்டவர்களின் ஜாபிதா. அதே முகமை, சந்தேகமின்றிப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதற்பிரிவில், 2004-ல் வெளியிட்ட நூலில், கொட்டைப் பாக்கைச் சேர்த்திருக்கிறது. புகையிலை கலந்தாலும் கலக்காவிட்டாலும் சரி, பாக்கே போதும் என்று தீர்ப்பு. இதை நான் தலைமையாசிரியரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் மெல்லுவதை நிறுத்தினார்.

2011-க்குப் பிறகு சாட்சியங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்ப்போம். அதற்கு முந்தைய வருஷம் வெளியான, பதின்மூன்று நாடுகளில் நடந்த இன்டர்ஃபோன் என்ற பெரிய ஆய்வு, செல்போன் உபயோகிப்பவர்களுக்குப் பொதுவில் மூளைக்கட்டி அதிகரிக்கவில்லை என்றும், ஆனால் மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் ஒருவகைக் கட்டி நாற்பது சதவிகிதம் கூடுதலாகத் தென்படுகிறது என்றும் சொல்லியிருந்தது. கவலைக்குரிய எண்தான். ஆனால் அதே ஆய்வில், மிதமாகப் பேசியவர்களுக்குச் செல்போனைத் தொடாதவர்களைவிடக் கட்டி குறைவு என்றும் வந்தது! செல்போன் மூளைக்கு ரட்சை என்று யாரும் அதை நம்பவில்லை. பல வருஷங்களுக்கு முன் எத்தனை நிமிஷம் பேசினோம், எந்தக் காதில் பேசினோம் என்று நோயாளிகளின் ஞாபகத்தைக் கேட்டு எழுதிய கணக்கு எந்தத் திசையிலும் பிசகும் என்பதைத்தான் அது காட்டிற்று. ஞாபகத்தை நம்பாமல், டென்மார்க்கில் 3,58,403 சந்தாதாரர்களின் பதிவேட்டை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான அந்தக் கணக்கில், பதின்மூன்று வருஷத்துக்கு மேல் போன் வைத்திருந்தவர்களிடமும் கூடுதல் இல்லை. பிரிட்டனில் ஏழே முக்கால் லட்சம் பெண்மணிகளைப் பின்தொடர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்விலும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில் 63 ஆய்வுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்த்து 2024-ல் வெளிவந்த மதிப்பீடும், மூளைப் புற்றுக்கும் செல்போனுக்கும் சம்பந்தம் காணப்படவில்லை என்றே முடிந்தது.

எதிர்ச் சாட்சியாக வழக்கமாக ஆஜர்படுத்தப்படுவது அமெரிக்க எலிகள். 2018-ல் முடிவு வெளியான அந்தப் பரிசோதனையில், ஆண் எலிகளின் இதயத்தில் ஓர் அபூர்வமான கட்டி தோன்றியது மெய்யே. அது 'தெளிவான ஆதாரம்' என்று பரிசோதனையை நடத்திய அந்நாட்டு அரசாங்க நிறுவனமே எழுதியதும் மெய்யே. ஆனால் அந்த எலிகள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாக, இரண்டு வருஷம், முழு உடம்பிலும் மனிதருக்கு அனுமதித்ததைவிட மிக அதிகமான அலையில் நனைந்தவை. பெண் எலிகளுக்கு அவ்வாறு தெளிவாக நேரவில்லை. போதாக்குறைக்கு, அலையில் நனைந்த ஆண் எலிகள், நனையாதவற்றைவிட நீண்ட நாள் உயிரோடிருந்தன. அந்தக் கடைசிச் செய்தியை எந்த மனுவிலும் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தலைவலியும் தூக்கமின்மையும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். டவருக்கருகில் வசிப்பவர் தலை வலிக்கிறது என்றால் அவருக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அலை தம்மைத் தாக்குவதை உணர முடியும் என்று நம்பியவர்களை ஒரு அறையில் உட்காரவைத்து, அலையைச் செலுத்துவதும் நிறுத்துவதும் அவர்களுக்கும் பரிசோதிப்பவருக்கும் தெரியாதபடி செய்து பார்த்த பரீட்சைகள் பல நடந்திருக்கின்றன. அலை ஓடுகிறதா இல்லையா என்பதை அவர்களால் குத்துமதிப்புக்கு மேல் சொல்ல முடியவில்லை. ஓடுகிறது என்று நம்பியபோதெல்லாம் வலி வந்தது, ஓடாதிருந்தபோதும் வந்தது. பயம் உடம்பில் வலியாகப் பேசும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியாததா? கண்ணேறு கழித்தால் குழந்தை அழுகையை நிறுத்துவதும் அந்த வகைதான்.

சிட்டுக்குருவியை நினைத்தால் எவருக்கும் மனம் கனக்கும். பாரதி வீட்டு அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதிகமாகவே கனக்கும். 2018-ல் ஷங்கரின் '2.0' படத்தில் பறவைகளுக்காக உயிரை மாய்த்துக்கொண்ட பக்ஷிராஜன் பழிவாங்கும் ஆவியாகத் திரும்பி வந்தபோது, டவரே குருவியின் எமன் என்பது தமிழ்நாட்டில் ஐதீகமாகவே நிலைபெற்றுவிட்டது. ஆனால் பிரிட்டனில் சிட்டுக்குருவி குறையத் தொடங்கியது 1970-களில். அந்த நாட்டில் செல்போன் சேவை ஆரம்பித்ததோ 1985-ல். நம் நாட்டுப் பறவை நோக்கர்கள் சேர்த்துக் கொடுத்த பதிவுகளைக் கொண்டு 2020-ல் வெளியான அறிக்கை, தேசம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி கால் நூற்றாண்டாக நிலையாகவே இருக்கிறது என்றும் பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும் சொல்கிறது. டவரே இல்லாத கிராமம் இன்று எங்கே இருக்கிறது? ஓட்டுச் சரிவும் உத்தரத்துப் பொந்தும் இல்லாமற்போன வீட்டில், புழு பூச்சி இல்லாமற்போன தோட்டத்தில், முற்றமில்லாத அடுக்குமாடியில் குருவி எங்கே முட்டையிடும், குஞ்சுக்கு எதை ஊட்டும்? தென்னைக்கும் இப்படித்தான். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய வெள்ளை ஈ தோப்புக்குத் தோப்பு பரவியதும், 4ஜி வீட்டுக்கு வீடு பரவியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.

நியாயஸ்தலங்களும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தம் புற்றுநோய்க்குப் பக்கத்து வீட்டு மாடியிலுள்ள டவரே காரணம் என்று முறையிட்ட குவாலியர் நகரத்து வீட்டு வேலைக்காரர் ஒருவரின் மனுவை ஏற்று, ஏழு நாளில் அந்த டவரை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. ஏழைத் தொழிலாளி ஒருவர் நாட்டின் உச்ச பீடம் வரை ஏறி நின்று கேட்டுப் பெற்றார் என்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அந்த உத்தரவு டவரால்தான் வியாதி வந்தது என்ற விஞ்ஞான நிர்ணயம் ஆகாது. 2021-ல் நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, காணொலி விசாரணையில் யாரோ ஒருவர் புகுந்து அம்மையார் நடித்த படங்களின் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டார். வழக்கு விளம்பரத்துக்காகப் போடப்பட்டது என்று சொல்லி 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார் நீதிபதி. மறு வருஷம் அது 2 லட்சமாகக் குறைந்தது. கேள்வி கேட்டதற்கு 20 லட்சம் அதிகமென்றே அன்றும் நினைத்தேன். கேட்பவரைப் பைத்தியக்காரர்போல நடத்தும் தேசத்தில்தான் வதந்தி கொழுக்கும். வதந்தி கொழுக்கும் இடத்தில் வியாபாரி கடை விரிப்பான். செல்போன் முதுகில் ஒட்டிக்கொண்டால் கதிர்வீச்சை உறிஞ்சிவிடும் என்று தங்க நிற ஸ்டிக்கர் விற்கிறார்கள். 2020-ல் மத்திய சர்க்காரின் பசு நல அமைப்பான ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவரே பசுஞ்சாணத்தால் செய்த சில்லு ஒன்றைப் பத்திரிகையாளர்முன் தூக்கிக் காட்டினார். பரிசோதனை விவரம் எங்கே என்று நானூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கேட்டு எழுதினார்கள். மெய்யாகவே அலையைத் தடுக்கும் கவசம் ஒன்று கிடைத்துவிட்டாலும் சங்கடந்தான். சிக்னல் குறைந்துவிட்டதென்று கருதி, கருவி இன்னும் உரக்கக் கத்தும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் செல்போனை மடியிலும் தலையணை அடியிலும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் தலைமையாசிரியர். வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்று நான் கேட்டேன். 2000-ல் பிரிட்டிஷ் சர்க்காருக்கு அறிக்கை கொடுத்த ஸ்டூவர்ட் குழு, தீங்குக்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டும், குழந்தைகள் அவசியமில்லாமல் செல்போனில் பேசுவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று சேர்த்து எழுதியது. பிரான்ஸ் 2015-ல் ஒரு சட்டம் செய்து, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் காப்பகங்களில் வைஃபையை விலக்கியது. எழுபது எண்பது வருஷம் இந்தக் கருவியோடு வாழப்போகும் முதல் தலைமுறை இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது என்பதால், இத்தகைய முன்ஜாக்கிரதையை நான் பரிகசிக்க மாட்டேன். அதற்குச் செலவும் இல்லை. நீண்ட நேரம் பேசவேண்டியிருந்தால் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஸ்பீக்கரில் பேசலாம். ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் ஊர்க்கதை பேசாமலிருக்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மார்புப் பையில் போனை வைக்கக்கூடாது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் அலை மாத்திரமன்று, இப்போதைய போன்களில் பொருத்தியிருக்கும் காந்தமும்தான்; டாக்டர்கள் அரை அடியாவது விலக்கி வைக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் செல்போனால் சாகிறவர்கள் எங்கே சாகிறார்கள் என்று தேடிப் போனால், மனு காட்டும் திசைக்கு நேர் எதிரே போக வேண்டியிருக்கிறது. 2021-ல் மட்டும், வாகனம் ஓட்டும்போது செல்போன் உபயோகித்ததனால் நேர்ந்தவை என்று போலீஸ் பதிவேட்டில் ஏறிய விபத்துகள் 1,997. மாண்டவர்கள் 1,040 பேர். ஏறாதவை எத்தனையோ, கையில் போன் இருந்தது என்று எந்தக் குடும்பம் எழுதிக்கொடுக்கும்? ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செல்போனைச் செருகிக்கொண்டு, கழுத்தை ஒருக்களித்தபடி, பின்னால் ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் போகும் தகப்பனாரை எங்கள் தெருவிலேயே தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்க்கிறேன். மனுவில் அவர் கையெழுத்து நான்காவது. காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கிறவனுக்குப் பின்னால் வரும் மின்சார ரயில் எந்த அலைவரிசையில் கூவினாலும் கேட்காது. 2011-லிருந்து 2017 வரை, செல்ஃபி எடுக்கப்போய் இறந்தவர்கள் என்று பத்திரிகைச் செய்திகளிலிருந்து டெல்லி மருத்துவர்கள் திரட்டிய கணக்கில் உலகம் முழுவதற்கும் 259 பேர். அவர்களில் 159 பேர் நம் நாட்டவர். காதே செவிடாகிறது: பன்னிரண்டு வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரையுள்ளவர்களில் நூறு கோடிக்கு மேற்பட்டோர், உரத்த ஒலியைக் கேட்கும் பழக்கத்தால் செவிப்புலனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூக்கத்தைக் கெடுப்பதும் மெய்தான். ஆனால் கெடுப்பது டவரின் அலையன்று, இரவு பன்னிரண்டு மணிக்கு விரலால் தள்ளிக்கொண்டே போகும் திரை. மதுரைக் கிளை நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டபடி, பெரிய கோயில்களில் செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்கள். சந்நிதியில் நிற்கும் அரைமணி நேரத்தில் பக்தரின் கை தன்னையறியாமல் மூன்று தடவை காலிப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். என் கையும் தடவியது.

மறுநாள் மனுவைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாக அரைப் பக்கத்தில் வேறொரு மனு எழுதிக் கொடுத்தேன்: டவர் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் இந்தத் தெருவில் மூன்று இடங்களில் அலையின் பலத்தை அளந்து, அந்த எண்ணைக் கல்யாண மண்டபத்துச் சுவரில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்; கடைகளில் விற்கும் செல்போன்களைப் பிரான்ஸ் தேசத்தைப்போல நம் சர்க்காரும் தானே வாங்கிப் பரிசோதித்து முடிவை வெளியிட வேண்டும். தலைமையாசிரியர் படித்துவிட்டு, "இதில் பயமே இல்லையே, சார், கலெக்டர் எப்படிக் கவனிப்பார்?" என்றார். அப்போது அவரிடம் 'தரங் சஞ்சார்' என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னேன். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2017-ல் ஆரம்பித்தது. எந்த ஊர் டவர் விதிக்கு உட்பட்டிருக்கிறது என்பதை யாரும் அதில் பார்க்கலாம். நம்பிக்கையில்லையென்றால் 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, சர்க்கார் சிப்பந்திகளையே வரவழைத்து நம் வாசலில் அளக்கச் சொல்லலாம். குடிமகன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கட்டணம் கேட்பது நியாயமா என்று அவர் கோபித்துக்கொண்டார். நியாயமில்லைதான், அதையும் மனுவில் சேர்த்துக்கொண்டோம். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: நாற்பது வீடு, வீட்டுக்கு நூறு ரூபாய்.

டவர் ஆனி மாதம் வந்துவிட்டது. இரண்டு மனுக்களுக்கும் பதில் வரவில்லை. அளப்பதற்கான பணத்துக்கு இதுவரை ஒன்பது வீட்டார் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பங்கு தலைமையாசிரியருடையது, ஒன்று அவருக்கும் மற்றொன்று அவர் வீட்டு மாடிக் குடித்தனக்காரருக்கும். தொள்ளாயிரம் ரூபாய், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள், என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.